மூச்சால் திறக்கும் பூட்டு

பூட்டு என்றால் அயலான் கைக்குத் தடை என்பதே நாம் அறிந்த பொருள். பெட்டிக்குப் பூட்டு இடுகிறோம். கடைக்குப் பூட்டு இடுகிறோம். வெளியூர் செல்லும்போது வீட்டுப் பூட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்க்கிறோம். இவையெல்லாம் உரிமையில்லாதவனை வெளியே நிறுத்துவதற்காக. ஆனால் உரிமையுள்ளவனையே நிறுத்திவைக்கும் பூட்டு ஒன்று உண்டு. வண்டி அவனுடையது, சாவி அவன் கையில் இருக்கிறது, ஓட்டுநர் உரிமம் சட்டைப் பையில் இருக்கிறது. ஆயினும் அவன் மது அருந்தியிருந்தால் அந்தப் பூட்டு அவனுக்குத் திறவாது. ஒரு சிறு குழாயில் அவன் ஊதும் மூச்சுதான் அதற்குச் சாவி. ஆங்கிலத்தில் இதனை 'இக்னிஷன் இன்டர்லாக்' என்று வழங்குவர். நாம் மூச்சுப் பூட்டு என்று சொல்லிக்கொள்வோம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவர்களின் வண்டியில் இந்தப் பூட்டைப் பொருத்த வேண்டும் என்று பல நாடுகள் விதி செய்திருக்கின்றன. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் குடித்து ஓட்டியவருக்குச் சிறை, அபராதம், உரிமம் இழத்தல் ஆகியவற்றை விதிக்கிறதே ஒழிய, இப்பூட்டை விதிக்கவில்லை. இது எவ்வாறு இயங்குகிறது, இதனால் விளைந்த பயன் என்ன, நமக்கு இது பொருந்துமா என்ற மூன்று கேள்விகளை மாணவ நண்பர்களாகிய உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நான் வடசென்னையில் ராயபுரத்தில் வாழ்பவன். இப்பகுதியிலேயே பல ஆண்டுகள் பௌதிக ஆசிரியனாகப் பணி செய்தவன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டில் எங்கள் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. எண்ணூரில் 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்டு ஆகி லாரிகளையும் பஸ்களையும் செய்தது. 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தொழிற்சாலை நிறுவி மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. ஆக, மோட்டார் வண்டி பிறந்த நிலமும் எங்களுடையதே. துறைமுகத்துக்காக அது இரவு பகல் ஓடி உழைக்கும் நிலமும் எங்களுடையதே. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிச் செல்லும் சாலையில், முப்பது நாற்பது டன் சுமையுடன் செல்லும் கண்டெய்னர் லாரியின் பக்கத்தில் புத்தகப் பை சுமந்த பிள்ளைகள் நடந்து போவது எங்களுக்கு அன்றாடக் காட்சி. ஆதலால் வண்டி ஓட்டுபவர் தெளிந்த நிலையில் இருக்கிறாரா என்பது எங்களுக்கு ஏட்டுக் கேள்வி அன்று.

முதலில் ஒரு சிறு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. கண் அதனைக் கண்டு, மூளை அறிந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்குச் சிறிது நேரம் ஆகும். மது அந்த நேரத்தை நீட்டுகிறது. அரை விநாடி மட்டுமே நீண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடிப்பதற்கு முன்பே வண்டி இன்னும் ஐந்தரை மீட்டர் முன்னேறிவிடும். சாலையின் பாதி அகலம் அது. இதைவிடக் கொடியது வேறொன்று. மது முதலில் மயக்குவது கையையோ காலையோ அன்று. தன் நிலையைத் தானே அளந்து பார்க்கும் அறிவை. 'எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று குடித்தவன் உரைப்பது பல வேளைகளில் பொய் அன்று. அவன் உண்மையாகவே அப்படி நம்புகிறான். அளக்க வேண்டிய கருவியே பழுதுபட்டிருக்கும்போது அதன் அளவை எப்படி நம்புவது? வெளியிலிருந்து ஒரு கருவி வேண்டும் என்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

நம் சட்டம் யாது சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதே சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வண்டி ஓட்டும் தகுதியை இழக்க வேண்டும். ஐயத்துக்கு உரியவரை மூச்சுக் கருவியில் ஊதச் செய்யும் அதிகாரத்தை 203ஆம் பிரிவு காவல் துறைக்கு அளிக்கிறது.

சட்டம் கடுமையானதுதான். ஆனால் அதன் ஒவ்வொரு வரியும் வண்டி கிளம்பிய பிறகே உயிர் பெறுகிறது. காவலர் கைகாட்டி நிறுத்தும் முனைக்கு வரும் வரை, குடித்தவர் எத்தனை தெருக்களைக் கடந்திருப்பார்! எல்லா முனைகளிலும் எல்லா இரவுகளிலும் காவலர் நிற்க இயலுமா?

என்னிடம் படித்த ஒருவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பெயர் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் குடித்துவிட்டுச் சென்று பிடிபட்டு, அபராதமும் கட்டி, ஆறு மாதம் உரிமத்தையும் இழந்தவர். மோட்டார் சைக்கிளில் செய்த குற்றத்துக்கு லாரி ஓட்டும் பிழைப்பும் சேர்ந்து போயிற்று. அந்த ஆறு மாதமும் மூட்டை தூக்கிக் குடும்பத்தைக் காத்தார். வீட்டில் நகை அடகுக்குப் போயிற்று. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்க நேர்ந்தது. ஒருநாள் என்னைக் காண வந்தவர் சொன்னார்:

"ஐயா, குடித்த பிறகு நான் ஒரு கணக்குப் போடுவேன். இன்றைக்குப் போலீஸ் எந்த முனையில் நிற்கும், எந்தச் சந்து வழியாகப் போனால் தப்பலாம் என்பதுதான் அந்தக் கணக்கு. என்னால் வண்டி ஓட்ட முடியுமா என்று ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை."

"இப்போது எப்படி, தம்பி?" என்றேன்.

"இப்போது பயம் இருக்கிறது, ஐயா. ஆனால் பயம் காலையில் இருக்கிறது; இரவில் இரண்டு தம்ளர் உள்ளே போனால் அதுவும் போய்விடுகிறது. அந்த நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்."

அவருக்கு நான் சொன்ன விடைதான் இந்த உரை. ஆனால் வண்டிக்குப் பூட்டு இடுவதற்கு முன் நம் மாநிலம் வேறொரு வழியையும் முயன்றிருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

அது கடைக்குப் பூட்டு. 1937இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிற்று. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971இல் அது தளர்த்தப்பட்டது. பின்னர் வருவதும் போவதுமாக இருந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றி, 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2016ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருத்தல் கூடாது என்பது அதன் சாரம். குடித்து ஓட்டுவதால் நேரும் சாவுகளே அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. 2017 மார்ச் மாத இறுதியில், இருபதாயிரத்துக்கு மேற்படாத மக்கள் வாழும் ஊர்களுக்கு அத்தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு அத்தடை பொருந்தாது என்று விளக்கம் தரப்பட்டது. கடையைத் தள்ளி வைப்பது பயன் தரலாம். ஆனால் வண்டி உள்ளவனுக்கு 500 மீட்டர் என்ன தொலைவு? குடித்துவிட்டு அவன் திரும்பி வருவதும் அதே வண்டியில்தானே!

இனி வண்டிப் பூட்டுக்கு வருவோம். 1969இல் அமெரிக்காவில் போர்க்-வார்னர் என்னும் நிறுவனம் இவ்வகைப் பூட்டின் முதல் வடிவத்தைச் செய்தது. அக்காலப் பூட்டுகள் மூச்சைச் சோதிக்கவில்லை, கைத்திறனைச் சோதித்தன. விளக்குப் பலகையில் தோன்றும் எண்களை விரைவாக அழுத்திக் காட்ட வேண்டும் என்பது போன்ற சோதனைகள் அவை. விளைவு வேடிக்கையானது. தெளிந்தவரில் சிலர் தடுமாறினர்; குடித்துப் பழகியவரில் சிலர் தேறிவிட்டனர். ஆதலின் அறிஞர்கள் கைத்திறனை விட்டு மூச்சை நாடினர்.

மூச்சுக்கும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு? நுரையீரலின் நுண்ணறைகளில் இரத்தமும் காற்றும் மிக மெல்லிய சவ்வினால்தான் பிரிக்கப்பட்டுள்ளன. இரத்தத்தில் கரைந்த ஆல்கஹால் அச்சவ்வைக் கடந்து காற்றில் கலக்கிறது. எவ்வளவு கலக்கும் என்பதற்கு ஒரு விகிதம் உண்டு. இரத்தம் ஒரு மில்லிலிட்டரில் உள்ள ஆல்கஹால், ஆழ்ந்த மூச்சுக் காற்று 2,100 மில்லிலிட்டரில் உள்ள ஆல்கஹாலுக்குச் சமம் என்று கொள்வது வழக்கம். நம் சட்டத்தின் 30 மில்லிகிராம் வரம்பை இதன்படி மாற்றிப் பாருங்கள்: ஒரு லிட்டர் மூச்சில் ஏறத்தாழ 0.14 மில்லிகிராம் வரும். அவ்வளவு சிறிய அளவையும் கருவி உணர வேண்டும்.

எவ்வாறு உணர்கிறது? 1954இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் போர்க்கன்ஸ்டைன் என்பவர் அமைத்த மூச்சளவுக் கருவியில் பொட்டாசியம் டைகுரோமேட் இருந்தது. ஆல்கஹால் பட்டால் அதன் செம்மஞ்சள் நிறம் பச்சையாக மாறும். மாற்றத்தின் அளவைக் கொண்டு ஆல்கஹாலைக் கணக்கிடுவர். இரசாயனம் பயிலும் மாணவர் இந்த நிறமாற்றத்தைச் சோதனைச் சாலையில் கண்டிருப்பீர்கள். இக்காலத்து மூச்சுப் பூட்டில் திரவம் இல்லை. எரிபொருள் மின்கலம் என்ற சிறு அமைப்பு உள்ளது. பிளாட்டினம் பூசிய இரு தகடுகளுக்கு இடையே மூச்சு செல்லும்போது, அதிலுள்ள ஆல்கஹால் பிராணவாயுவுடன் கூடி அசெட்டிக் அமிலமாகிறது. நம் வீட்டுக் காடியின் புளிப்புக்குக் காரணமான அமிலமே அது. அம்மாற்றத்தின்போது எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு மின்னோட்டம் உண்டாகிறது. ஆல்கஹால் எவ்வளவோ மின்னோட்டமும் அவ்வளவு. குடித்தவனின் மூச்சே மின்சாரமாகி அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது!

இந்தக் கருவியை வண்டியின் சாவித் துளைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் இடையே உள்ள மின்வழியில் இணைக்கிறார்கள். சாவியைத் திருப்பினால் என்ஜின் கிளம்பாது. ஊதும்படி கருவி கேட்கும். சில விநாடி தொடர்ந்து ஊத வேண்டும். வரம்புக்குள் இருந்தால் மின்வழி இணையும், மிகுந்தால் இணையாது, சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் ஊத வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இந்த வரம்பு நூறு மில்லிலிட்டருக்கு 20 அல்லது 25 மில்லிகிராம்.

'தெளிந்த நண்பனை ஊதச் சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டால் என்ன?' என்று உங்களில் குறும்பான ஒருவர் இதற்குள் எண்ணியிருப்பார். கருவி செய்தோரும் எண்ணினர். ஆகவே வண்டி கிளம்பிய சில நிமிடங்களில், பின்னரும் முன்னறிவிப்பின்றி அவ்வப்போது, ஓட்டுபவர் மீண்டும் ஊத வேண்டும் என்று அமைத்தனர். தவறினால் கருவி என்ஜினை நிறுத்துவதில்லை. ஓடும் வண்டியை நடுச்சாலையில் நிறுத்துவது குடித்து ஓட்டுவதைவிட ஆபத்தாகிவிடும் அன்றோ? அதற்குப் பதிலாக விளக்கு மின்னும், ஒலிப்பான் அலறும், நிகழ்ந்தது நினைவகத்தில் பதியும். ஊதுபவரின் முகத்தைப் படம் எடுக்கும் காமிராவும் பல கருவிகளில் உண்டு. பலூனில் அடைத்த காற்றை ஊதிப் பார்ப்பாரும் உளர். காற்றின் வெப்பமும் அழுத்தமும் மனித மூச்சுக்கு ஒத்திருக்கிறதா என்பதைக் கருவி பார்க்கிறது. வண்டியைத் தள்ளிக் கிளப்பினால், சோதனையின்றிக் கிளம்பிற்று என்று அதுவும் பதிவாகும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கருவியை அதற்குரிய நிலையத்துக்குக் கொண்டு சென்று அளவைச் சரிபார்க்க வேண்டும். அங்கே பதிவுகள் எடுக்கப்பட்டு அதிகாரிகளுக்குச் செல்லும். செல்லாவிட்டால் பூட்டு நிலையாகப் பூட்டிக்கொள்ளும்.

சட்டத்தில் இது எவ்வாறு நுழைந்தது? 1986இல் கலிபோர்னியா மாநிலம் சோதனை முறையில் இதனை ஏற்றது. 2005இல் நியூ மெக்சிகோ மாநிலம், முதன்முறை தண்டிக்கப்பட்டவர் உட்பட எல்லாக் குற்றவாளிகளுக்கும் இதனைக் கட்டாயமாக்கிற்று. இன்று அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் இதற்கு ஏதேனும் ஒரு சட்டம் உண்டு. ஸ்வீடன் 1999இல் தொடங்கிற்று. பொதுவான முறை இது: தண்டிக்கப்பட்டவர் உரிமத்தை முற்றிலும் இழந்து வீட்டில் இருப்பதற்குப் பதிலாக, அல்லது இழந்த காலம் முடிந்த பிறகு, பூட்டு உள்ள வண்டியை மட்டும் ஓட்டலாம் என்ற வரையறுத்த உரிமத்தைப் பெறுகிறார். கருவியின் வாடகையை அவரே செலுத்த வேண்டும். அமெரிக்காவில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று டாலர் ஆகிறது. வறியவர்க்கு உதவும் ஏற்பாடு சில மாநிலங்களில் உண்டு.

பயன் விளைந்ததா? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு சோதனை நிகழ்ந்தது. அதன் முடிவுகள் 1999இல் வெளிவந்தன. மீண்டும் மீண்டும் குற்றம் செய்த 1,380க்கு மேற்பட்ட ஓட்டுநர்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் பூட்டுத் திட்டம். மற்றதற்கு வழக்கமான நடைமுறை. முதல் ஆண்டில் பூட்டுப் பிரிவில் நூற்றுக்கு 2.4 பேர் மது தொடர்பான குற்றத்தில் மீண்டும் பிடிபட்டனர். மற்றப் பிரிவில் 6.7 பேர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பூட்டு மாட்டியிருக்கும் காலத்தில் மறு குற்றம் நூற்றுக்கு எழுபது அளவுக்குக் குறைகிறது என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் கணக்கிடுகிறது.

இவ்விடத்தில் நின்றுவிட்டால் பாதி உண்மையையே சொன்னவன் ஆவேன். அதே மேரிலாந்துச் சோதனையில், பூட்டுக் கழற்றப்பட்ட பிறகு இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பூட்டு வண்டியைத்தான் கட்டுகிறது. மனிதனின் பழக்கத்தைக் கட்டவில்லை. எலும்பு முறிந்த காலுக்குக் கட்டும் மரச்சட்டம் போன்றது அது. சட்டம் இருக்கும் காலத்தில் எலும்பு கூட வேண்டும். கூடாவிட்டால் சட்டத்தை அவிழ்த்த அன்றே கால் மடங்கும். ஆகவே பூட்டு மாட்டிய மாதங்களில் மருத்துவமும் அறிவுரையும் உடன் நடக்க வேண்டும் என்று பல நாடுகள் இப்போது வற்புறுத்துகின்றன.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் பதிவான வண்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இரு சக்கர வண்டிகள். வெயிலிலும் மழையிலும் நிற்கும் மோட்டார் சைக்கிளில் நுட்பமான கருவியைக் காப்பது எளிதன்று. உதைத்துக் கிளப்பும் வண்டியில் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தடுத்துப் பயனில்லை. தீப்பொறிக்குச் செல்லும் மின்வழியையே தடுக்க வேண்டும். மாதந்தோறும் சரிபார்க்கும் நிலையங்கள் வேண்டும். பதிவுகளைப் படித்து நடவடிக்கை எடுக்க ஆட்கள் வேண்டும். ஒருவருக்குப் பூட்டு இட்டால் அவர் தம்பியின் வண்டியை எடுத்துச் செல்லாமல் பார்ப்பவர் யார் என்ற கேள்வியும் உண்டு.

கண்டெய்னர் லாரியில் சிக்கல் வேறு வகையானது. லாரி ஓட்டுநருடையது அன்று, முதலாளியுடையது. இன்று ஒருவர் ஓட்டுவார், நாளை மற்றொருவர். ஒருவருடைய குற்றத்துக்காக முதலாளி தம் லாரியில் பூட்டு மாட்ட இசைவாரா? பூட்டுச் சட்டம் மிகுந்த அமெரிக்காவிலும், கனரக வண்டி ஓட்டும் உரிமம் உடையவர் குடித்து ஓட்டினால் முதல் குற்றத்துக்கே ஓராண்டு அவ்வுரிமையை இழக்கிறார்; அவர் பெரிய லாரி ஓட்டுவதற்கு மூச்சுப் பூட்டு வழி திறப்பதில்லை. எனவே அமெரிக்க விதியை அப்படியே கொண்டுவந்து ராயபுரத்தில் ஒட்டிவிட முடியாது. என்னிடம் வந்த மாணவருக்கு அது கை கொடுக்காது.

அவருக்கு உதவக்கூடியது வேறொரு முறை. பிரான்சு நாட்டில் 2010இல் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் புதிய பஸ்களில் மூச்சுப் பூட்டு கட்டாயமாயிற்று. 2015 முதல் எல்லா நெடுந்தூரப் பஸ்களுக்கும் அது விரிந்தது. பின்லாந்திலும் பள்ளிப் பயணங்களுக்கு 2011 முதல் அவ்வாறே. இங்கே ஓட்டுநர் யாரும் குற்றவாளி அல்லர். குடிப்பவரும் ஊதுகிறார், வாழ்நாளில் மதுவைத் தொடாதவரும் ஊதுகிறார். பூட்டு ஆளுக்கு அன்று, தொழிலுக்கு.

இதைக் காண நாம் பிரான்சு வரை போகவேண்டியதில்லை. நம் நாட்டு விமானிகள் பறப்பதற்கு முன் மூச்சுச் சோதனைக்கு உட்படுகிறார்கள். ரயில் என்ஜின் ஓட்டுநர்கள் பணிக்கு ஒப்பமிடும்போது மூச்சுக் கருவியில் ஊதுகிறார்கள். தவறினால் அன்று அவர் கைக்கு என்ஜின் இல்லை. 1856இல் ரயில் புறப்பட்ட எங்கள் ராயபுரத்தில் இன்று மின்சார ரயில் என்ஜின்களுக்குரிய பெரும் பணிமனை இருக்கிறது. தண்டவாளத்தில் செல்லும் என்ஜினை எடுப்பவர் ஊதிவிட்டு எடுக்கிறார். மதிலுக்கு வெளியே, பிள்ளைகள் நடக்கும் சாலையில் முப்பது டன் சுமையை எடுப்பவரை ஊதச் சொல்பவர் இல்லை. தண்டவாளத்தை விட்டு விலக முடியாத வண்டிக்கு உள்ள காவல், எப்பக்கமும் திரும்பக்கூடிய வண்டிக்கு இல்லை என்பது விந்தை அல்லவா?

இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. உடல் ஆல்கஹாலை அழிக்கும் வேகம் மிகக் குறைவு. பொதுவாக மணிக்கு நூறு மில்லிலிட்டருக்கு 15 மில்லிகிராம் அளவு என்பர். நள்ளிரவில் 120 மில்லிகிராம் இருந்தவருக்கு விடியற்காலை ஆறு மணிக்கும் 30 மில்லிகிராம் இருக்கும். குளிர்ந்த நீரில் குளித்தாலும் கடுங்காப்பி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. துறைமுக வாயிலுக்கு வெளியே வரிசையில் நிற்கும் லாரியிலேயே உறங்கி, விடியலில் எழுந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் ஓட்டுநர் தம்மைத் தெளிந்தவர் என்றே எண்ணுவார். இரவில் முனையில் நிற்கும் காவலர் அவரைக் காணமாட்டார். வண்டியில் இருக்கும் பூட்டு காணும்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது அம்மாணவர் சொன்ன விடை எனக்குப் பெரிதாகப் பட்டது. "எனக்கு மட்டும் மாட்டினால் அது அவமானம், ஐயா. எல்லோருக்கும் மாட்டினால் அது வழக்கம். தலைக்கவசம் போலப் பழகிவிடும்."

என் கருத்தும் அதுவே. பள்ளி வண்டி, பஸ், கண்டெய்னர் லாரி ஆகியவற்றில் ஓட்டுபவர் யாராயினும் ஊதியே கிளப்ப வேண்டும் என்ற விதி நமக்கு முதலில் வேண்டும். சரிபார்க்கும் நிலையம் துறைமுகத்தின் அருகிலேயே அமையலாம். ஒரு கருவியின் விலை லாரியின் விலைக்கு முன் சிறியது. சொந்தக் கார் வைத்திருந்து குடித்து ஓட்டித் தண்டிக்கப்பட்டவருக்கு, உரிமம் திரும்பக் கிடைக்கும் நாளில், குறிப்பிட்ட காலம் பூட்டுடன்தான் ஓட்ட வேண்டும் என்பது இரண்டாவது விதியாகலாம். அக்காலத்தில் குடிப்பழக்க மருத்துவமும் சேர வேண்டும். இரு சக்கர வண்டிக்கு ஏற்ற, மலிவான, மழைக்குத் தாங்கும் பூட்டை அமைப்பது இன்னும் தீராத பொறியியல் கணக்கு. மோட்டார் சைக்கிள் செய்த திருவொற்றியூருக்கு அருகிலேயே படிக்கும் மாணவர்கள் அக்கணக்கைக் கையில் எடுக்கக் கூடாதா?

அதுவரை இரு சக்கர வண்டிக்கு உள்ள ஒரே பூட்டு நண்பனின் கை. உங்களில் பலர் பதினெட்டு வயதை எட்டி உரிமம் பெறும் காலம் அருகில் இருக்கிறது. குற்றம் செய்யத் துணை நிற்பவருக்கும் அக்குற்றத்துக்கு உரிய தண்டனையையே மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவு கூறுகிறது. 2022இல் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை, குடித்து ஓட்டுபவருடன் தெரிந்தே பயணம் செய்பவர் மீதும் வழக்குத் தொடரத் தொடங்கிற்று. ஆனால் நான் உங்களிடம் கேட்பது வழக்குக்கு அஞ்சி அன்று. குடித்த நண்பன் சாவியை எடுக்கும்போது, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவன் சொல்வான். அவன் மனமறிந்து பொய் சொல்லவில்லை என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள். அவனை அளக்கும் கருவி அவனுள்ளே பழுதாகி இருக்கிறது என்பதையும் அறிவீர்கள். ஆதலால் அவனோடு வாதம் வேண்டாம். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டோவை அழைத்து அவனை வீட்டில் விடுங்கள். மறுநாள் நண்பகலில் சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம். அன்று அவன் உங்கள்மீது சினம் கொண்டாலும் சினங்கொள்ள அவன் உயிரோடு இருப்பான். அவன் வண்டியின் குறுக்கே வந்திருக்கக்கூடிய குழந்தையும் பள்ளிக்குப் போயிருக்கும்.